அடுத்த குழந்தையையும் கணக்கில் வையுங்கள்: குழந்தை உடை தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குழந்தைகளுக்கான உடைகளைத் தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். என் மகளுக்குச் சின்னதாகிப்போன உடைகளை விற்கப் பார்க்கிறேன். பெரும்பாலும் போகவில்லை. இதற்கு எங்களிடம் ஏன் வருகிறீர்கள், பழைய பொருள் விற்கும் செயலிக்காரர்களிடம் அல்லவா போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அவர்களிடம் சொல்லவும் நிறைய இருக்கிறது. ஆனால் போகாமல் தங்கிவிட்ட ஒவ்வொரு உடையையும் கையில் எடுத்து, இது ஏன் போகவில்லை என்று பார்த்தால், பாதிக்கு மேல் காரணம் உடையிலேயே சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது. தைத்தது நீங்கள்.

பிறக்கும்போது ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் 75-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. எடை மூன்று மடங்கு ஆகிறது. குழந்தையின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்லும் ஐரோப்பிய அளவு முறையில் 50, 56, 62, 68, 74, 80 என்று ஆறு ஆறாக ஏறும் படிகளில் நாலைந்தை ஒரு குழந்தை ஒரே வருடத்தில் தாண்டிவிடுகிறது. அதாவது ஓர் அளவுக்கு வாழ்நாள் இரண்டு மாதம், இழுத்துப் பிடித்தால் மூன்று. அதிலும் முதல் ஆறு மாதம் பிள்ளை பெரும்பாலும் படுத்தே கிடக்கிறது. முட்டி தேய்வதில்லை, முழங்கை தேய்வதில்லை. அடுக்கின் அடியில் கிடந்து ஒரு தடவைகூடப் போடாமலே சின்னதாகிவிடுவதும் உண்டு. பெரியவர்களின் சட்டையைப் பழசாக்குவது தேய்மானம், குழந்தைச் சட்டையைப் பழசாக்குவது வளர்ச்சி. கைமாறுவதற்கு இதைவிடத் தகுதியான துணி வேறு கிடையாது. ஆனால் நீங்களோ இரண்டாவதாக ஒரு குழந்தை இதைப் போடவே போவதில்லை என்கிற மாதிரிதான் தயாரிக்கிறீர்கள்.

அளவு லேபிளிலிருந்து தொடங்குகிறேன். உங்களில் பலர் அதில் போடுவது '3-6 மாதம்', '6-12 மாதம்'. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையைப் பாருங்கள். ஆறு மாத ஆண் குழந்தையின் வழக்கமான நீளம் சுமார் 63 சென்டிமீட்டரில் ஆரம்பித்து 72 வரை போகிறது. இரண்டு முனையில் இருக்கும் பிள்ளைகளும் ஆரோக்கியமானவர்களே. நடுவில் இருக்கும் ஒன்பது சென்டிமீட்டர் என்பது ஒன்றரை அளவு வித்தியாசம். இது போதாதென்று ஒரு நிறுவனத்தின் ஆறு மாதமும் இன்னொரு நிறுவனத்தின் ஆறு மாதமும் ஒன்றாக இருப்பதில்லை. கடையில் வாங்குகிறவருக்குத் தொட்டுப் பார்க்க வாய்ப்பு உண்டு, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். என்னிடம் வாங்குகிறவருக்கு இரண்டும் இல்லை. அவர் கையில் இருப்பது நான்கு போட்டோவும் நீங்கள் எழுதிய அந்த மாதக் கணக்கும்தான். அதை நம்ப முடியாது என்பது ஒரு பிள்ளை வளர்த்த யாருக்கும் தெரியும். மாதத்தோடு குழந்தையின் நீளத்தையும் சென்டிமீட்டரில் போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அதுவும் அந்த லேபிள் இருந்தால்தான். கழுத்தில் உறுத்தக் கூடாது என்று இப்போது லேபிளைத் தைக்காமல் துணியிலேயே அச்சடிக்கிறீர்கள். எண்ணம் நல்லது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் கையில் இருக்கும் கால் இடுக்கில் பட்டன் மாட்டும் ஒரு மஞ்சள் பாடிசூட்டின் கழுத்துக்கு உள்பக்கம் பாருங்கள்: நிறுவனத்தின் பெயர் பளிச்சென்று இருக்கிறது, கீழே அளவு இருந்த இடத்தில் வெடித்துப் போன சாம்பல் நிறப் புள்ளிகள், துவைக்கும் முறையைக் காட்டும் குறிகளில் பாதி முக்கோணம். எது நிலைக்க வேண்டுமோ அது போய்விட்டது. உறுத்தும் என்றால் கழுத்தில் வேண்டாம், பக்கத் தையலுக்கு வெளியே சின்னதாக ஒன்று வைத்துத் தைக்கலாமே.

அளவு அழிந்துவிட்டால் விற்பவர் என்ன செய்வார்? மேஜையில் விரித்து, நாடா பிடித்து, தோளிலிருந்து கீழ்வரை, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து எழுத வேண்டும். இருபது உருப்படிக்கும் இதே வேலை. பிறகு வெளிச்சம் பார்த்துப் போட்டோ. பிறகு 'இருக்கிறதா?' என்று ஒரு செய்தி வரும். இருக்கிறது என்றால் 'கடைசி விலை?' அதையும் சொன்னால் 'என் பையனுக்கு எட்டு மாதம், சரியாக இருக்குமா?' நாம் சென்டிமீட்டரில் பதில் சொன்னதும் ஆள் காணாமல் போய்விடுவார். அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை, பிள்ளை அழுதிருக்கும். ஆனால் ஓர் உடைக்குக் கிடைக்கும் காசைவிட அதை அனுப்பும் செலவு கூடுதலாக இருக்கும் வியாபாரத்தில், இந்த வேலை எல்லாம் கட்டுப்படியாகாது. அதனால்தான் பலரும் மூட்டையாகக் கட்டி விற்கப் பார்க்கிறார்கள். மூட்டை என்றால் வாங்குபவருக்கு எல்லாம் ஒரே அளவில் வேண்டும். இரண்டு நிறுவனங்களின் 'ஆறு மாதம்' ஒத்துப்போகாது என்பதால் மூட்டையும் நிற்கிறது. சுற்றிச் சுற்றி அந்த லேபிளுக்கே வந்து சேர்கிறோம்.

அடுத்தது பிரஸ் பட்டன். டயப்பர் மாற்ற வசதியாகக் கால் இடுக்கில் மூன்று வைக்கிறீர்கள். பட்டனுக்கு அடியில் ஒரு வளையம், அதன் பற்கள் துணியைக் கடித்துக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு கனமான பட்டி வைத்துத் தைத்திருந்தால் அவை பட்டியைக் கடிக்கும், வருடக்கணக்கில் நிற்கும். பட்டி இல்லாமல் மெல்லிய பனியன் துணியில் நேராக அடித்தால், நடு ராத்திரியில் அரைத் தூக்கத்தில் ஒரு கையால் வெடுக்கென்று இழுக்கும்போது பட்டன் விடாது, துணிதான் கிழியும். முதலில் பட்டனைச் சுற்றி ஊசிமுனை ஓட்டை, அப்புறம் நீள்வட்டம், அப்புறம் பட்டன் தனியாகக் கையில். சாதாரணப் பட்டன் என்றால் ஊசி நூலில் முடிந்துவிடும். இதற்குத் தனிக் கருவி வேண்டும், எத்தனை வீட்டில் அது இருக்கிறது? மற்றபடி புத்தம் புதிதாக இருக்கும் ஓர் உடை இந்த ஒரு பட்டனால் கரித்துணி ஆகிறது. அந்தப் பட்டிக்கு ஆகும் துணி இரண்டு விரல் அகலம்கூட இருக்காது.

பால் கறைக்கு உங்களைப் பொறுப்பாக்க மாட்டேன். குழந்தை என்றால் பால் கக்கத்தான் செய்யும். ஆனால் இதில் ஒரு சங்கதி விற்பவர்களுக்கே தாமதமாகத்தான் புரிகிறது. துவைத்து, வெள்ளையாகப் பார்த்து, மடித்துப் பரணில் வைத்த சட்டை சில மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் கழுத்தோரம் மஞ்சள் பூத்து நிற்கும். பாலில் இருக்கும் புரதமும் கொழுப்பும் முழுசாகப் போகாமல் நூலுக்குள் தங்கி, காற்றுப் பட்டுப் பட்டு நிறம் மாறுவதால் வருவது இது. புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கும் நொதி கலந்த சோப்புத்தூளில் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் பெரும்பாலும் போகும். நேரே கொதிநீரில் போட்டால் புரதம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இதை ஒரு வரியாக உங்கள் அட்டையில் அச்சிடலாம். பிறந்த குழந்தைக்கான அளவுகளை இவ்வளவு வெள்ளை வெளேரென்று தயாரிக்காமலும் இருக்கலாம். சின்னப் பூப்போட்ட துணி எத்தனையோ கறையை மன்னித்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் வாங்குபவரின் தயக்கம் முழுக்க நியாயமானது: பாதுகாப்பு. தொப்பியிலும் கழுத்திலும் நாடா வைத்த குழந்தை உடைகள் எங்காவது மாட்டிக்கொண்டு கழுத்தை இறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-லேயே இதற்கு வழிகாட்டுதல் கொடுத்தது, ஐரோப்பாவிலும் தனித் தரநிலை உண்டு. அப்படியானால் கைமாறி வரும் ஓர் உடை எந்த வருடத்தது, பிறகு குறை கண்டு நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றதா என்பது தெரிய வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் 2008-ல் வந்த சட்டம் குழந்தைப் பொருள் ஒவ்வொன்றிலும் தயாரித்த தேதியையும் தொகுதி விவரத்தையும் அழியாதபடி பொறிக்கச் சொல்கிறது. ஒரு நாட்டுக்காகச் செய்ய முடிகிறதென்றால் எல்லா நாட்டுக்கும் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த சட்டத்தில் பொருளின் விவரங்களை மின்னணு முறையில் பார்க்க உதவும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வரை பேசுகிறார்கள். நல்லது, வரட்டும். எனக்கு அவ்வளவுகூட வேண்டாம். தேதியும் சென்டிமீட்டரும் போதும்.

வருடத்தோடு 'என் முதல் பிறந்தநாள்', 'அப்பாவின் இளவரசி' என்றெல்லாம் நெஞ்சில் அச்சடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அதை வாங்குபவர்கள் இருக்கிறார்கள், விற்கிறீர்கள். அந்தப் பிறந்தநாள் சட்டைக்கு ஒரே ஒரு நாள்தான் ஆயுள் என்பதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

பரிசு செட் மட்டும் உறுத்துகிறது. பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிற எல்லோரும் பிறந்த குழந்தை அளவிலேயே கொண்டுவருகிறார்கள், ஏனென்றால் அழகான பெட்டியில் ரிப்பன் கட்டி நீங்கள் விற்பது அந்த அளவைத்தான். அதனால் எல்லா வீட்டிலும் மிஞ்சுவது அதே அளவு, எல்லோரும் விற்க வருவதும் அதே அளவு. இன்னும் பிள்ளை பிறக்காத வீட்டில்கூட அது ஏற்கெனவே வந்து குவிந்திருக்கும். இரண்டு வயது, மூன்று வயது அளவு கேட்டு வருபவர்களுக்கோ கொடுக்க ஒன்றும் இருப்பதில்லை, ஓடி விழுந்து கிழித்துவிடுகிறார்கள். அதே பெட்டியில் ஒன்பது மாத அளவையும் வைத்து விற்றுப் பாருங்களேன். பரிசு கொடுத்தவரை ஒன்பதாவது மாதம் நன்றியோடு நினைப்போம்.

பழையது சுலபமாக விற்றால் எங்கள் புதியதை யார் வாங்குவார்கள் என்று உங்களுக்குள் ஒருவர் கேட்பார். நான் வாங்குவேன். திரும்ப விற்க முடியும் என்று தெரிந்த உடைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க எனக்குத் தயக்கம் இல்லை, பாதி திரும்பி வந்துவிடும். விற்க முடியாது என்று தெரிந்துவிட்ட பிறகு எனக்கு மிச்சம் இருக்கும் ஒரே புத்திசாலித்தனம், இருப்பதிலேயே மலிவானதைப் பார்த்து வாங்குவது. அது உங்களிடம் இருக்காது.

அடுத்த தயாரிப்புக்கு லேபிள் அச்சடிக்கக் கொடுக்கும்போது இந்தச் சென்டிமீட்டர் விஷயத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா அளவிலும் ஒரே நேரத்தில் முடியாது என்றால் 56-லும் 62-லும் தொடங்குங்கள், அதிகம் தேங்கிக் கிடப்பது அங்கேதான். பட்டன் பட்டியைப் பற்றி உங்கள் தையல் பிரிவில் கேட்டுவிட்டு, முடியுமா முடியாதா என்று ஒரு வரி பதில் எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருத்தி