அணிலின் முதுகும் ஓணானின் கழுத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் சிறுவர் பக்கத்தில் 'அணிலுக்குக் கோடு வந்த கதை' வெளியாகியிருந்தது. இந்த மாதிரிக் காரணக் கதைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நல்ல காரியம், தொடர்ந்து கொடுங்கள். ஆனால் இந்தக் கதைகளின் உயிர் பிராணியின் உடம்பில்தான் இருக்கிறது. அதைச் சரியாகப் பார்க்காமல் எழுதினால் கதை நிற்காது.

கதையோடு வந்த படத்தில் இருப்பது நம்மூர் அணிலே அல்ல. கன்னத்தில் கோடு போட்டிருக்கிறது. அது வட அமெரிக்காவின் சிப்மங்க். நம் அணிலுக்கு முகத்தில் கோடு கிடையாது. முதுகில் வெளிர்நிறத்தில் மூன்று கோடுகள். நடுக்கோடு தலைப்பக்கம் தொடங்கி வால்வரை ஓடும்; பக்கத்துக் கோடுகள் இரண்டும் முன்னங்காலருகே தொடங்கிப் பின்னங்காலருகே முடிந்துவிடும். உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். நடுவிரல் மட்டும் முன்னே நீண்டிருக்கும். ராமர் மூன்று விரலால் தடவிக்கொடுத்தார் என்று முதலில் சொன்னவர் அணிலைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். தங்கள் பக்கத்திலோ 'கையால் தடவினார், கோடுகள் வந்தன' என்று முடித்துவிட்டார்கள். விரல் கணக்கை விட்டால் இந்தக் கதையில் மிச்சம் என்ன இருக்கிறது?

வட இந்தியாவில் பரவலாக உள்ள அணிலுக்கு ஐந்து கோடுகள். வெளிப்புறத்து இரண்டும் மங்கலாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மலையணிலுக்குக் கோடே இல்லை. ஓவியருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கதையின் கீழே 'கம்பராமாயணத்திலிருந்து' என்று போட்டிருக்கிறீர்கள். கம்பரிடம் இந்த அணில் இல்லை, வால்மீகியிடமும் இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் 27ஆம் பாசுரத்தில் வருகிறது. குரங்குகள் மலையைத் தள்ளிக்கொண்டிருக்க, அணில் நீரில் குளித்து, புரண்டு, ஓடிக் கடலை அடைக்கப் பார்க்கிறது. அங்கும் தடவலோ கோடோ கிடையாது. கோடு வாய்மொழியாக வந்து சேர்ந்தது. 'வாய்மொழிக் கதை' என்று போட்டால் அது ஒன்றும் குறைந்த இடமல்ல.

ஏடும் வாய்மொழியும் இப்படிப் பின்னிக் கிடப்பதற்குக் காகம் இன்னொரு சான்று. சீதையைக் கொத்திய காகம் ராமரின் அஸ்திரத்துக்கு ஒரு கண்ணைக் கொடுத்துத் தப்பியதை வால்மீகி சுந்தர காண்டத்தில் சொல்கிறார், பெரியாழ்வாரும் பாடுகிறார். மாணிக்கவாசகரோ திருக்கோவையாரில், காகத்தின் இரு கண்ணுக்கும் கண்மணி ஒன்றே என்பதை உவமையாக எடுத்து, காதலர் இருவருக்கும் உயிர் ஒன்றே என்கிறார். காகத்துக்கு விழி இரண்டும் உண்டு. தலையின் இருபுறமும் கண்கள் இருப்பதால், ஒன்றை உற்றுப் பார்க்கத் தலையைச் சாய்க்கிறது. அந்தச் சாய்ப்பைக் கண்டவர்கள் சொன்னதுதான் ஒற்றை மணி. இதைக் கதைக்கு அடியில் இரண்டு வரியாகப் போடலாம். நடுவில் செருகினால் கதை செத்துப்போகும்.

வாசகர்களிடம் கதை கேட்டு வாங்கப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். 'அணில் கதை தெரியுமா?' என்று கேட்டால் பள்ளிப் பாடத்தில் படித்ததே திரும்பி வரும். 'காக்கா ஏன் தலையைச் சாய்ச்சுப் பார்க்குது?' என்று கேட்கச் சொல்லுங்கள். சொன்னவர் வாயில் வந்த சொல்லை மாற்றாமல் எழுதச் சொல்லுங்கள். கோவைப் பக்கம் ஒருவர் 'ஓடக்கான்' என்றால் அதை 'ஓணான்' என்று திருத்தக் கூடாது. ஊர், ஏறத்தாழ வயது, யாரிடம் கேட்ட கதை என்ற மூன்றும் சேர்ந்து வரட்டும். ஒரே கதை நாலு விதமாக வந்தால் நாலையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றாக்கிவிடாதீர்கள்.

அப்படிக் கேட்டால் ஓணான் கதை கட்டாயம் வரும். ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். அணிலுக்குத் தடவல் கிடைத்தது, ஓணானுக்குக் கல்லடி. பிள்ளைகள் தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு, வேலியில் இருப்பதன் கழுத்தில் மாட்டி இழுப்பார்கள். பிடிபட்டதன் வாயில் மூக்குப்பொடியைத் திணிப்பார்கள். ஆபத்து வந்தால் ஓடுவதற்கு முன் அசையாமல் ஒட்டிக்கொள்வது ஓணானின் வழக்கம். அதனால்தான் அவ்வளவு சுலபமாகச் சுருக்கில் விழுகிறது.

அதன் கழுத்துச் சிவப்பைக் காட்டி, ரத்தம் உறிஞ்சுகிறது என்று வேறு சொல்கிறார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானுக்குத் தலையும் தொண்டையும் சிவக்கும், பருவம் முடிந்தால் வெளுத்துவிடும். அது தின்பது எறும்பு, வெட்டுக்கிளி மாதிரிப் பூச்சிகளை. ஒரு சொட்டு ரத்தம் அது குடிப்பதில்லை.

இந்தக் கதையை ஒதுக்கச் சொல்லவில்லை. ஊரெல்லாம் தெரிந்த கதை, ஒதுக்கினாலும் வீட்டில் கேட்டுவிடுவார்கள். வெளியிடும் நாளில், கழுத்து ஏன் சிவக்கிறது என்பதைக் கதைக்குக் கீழேயே அதே எழுத்தளவில் போடுங்கள். படத்தில் ஓணானை வேலியில் உட்கார்ந்தபடி வரையச் சொல்லுங்கள், சுருக்கில் தொங்குவதாக வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர், தென்காசி