டயர் வாங்குவதற்கு முன்னால்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய படம் பார்த்தேன். டோஹா மணலில் நிற்கும் அந்தக் கெப்பைப் போல நம் ஹைலக்ஸ் பிக்கப்புக்கும் 33 அங்குல டயர் போட வேண்டும், அடுத்த மாதம் காசு அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். தம்பிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வண்டி உயர்ந்து நிற்பதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனாலும் காசு அனுப்ப முதல் இதைப் படி.

இப்போது இருப்பது 29 அங்குல டயர். சக்கரங்களுக்குச் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்ஷியல் 4.10, அதாவது எஞ்சின் பக்கமிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.10 சுற்றுச் சுற்றினால் சக்கரங்கள் ஒரு சுற்று. ஞாயிற்றுக்கிழமை நானே சரிபார்த்தேன். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜெக்கில் தூக்கி இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஷாஃப்ட் நான்கு சுற்றும் இன்னும் கொஞ்சமும் சுற்றியது. மற்றச் சக்கரம் அசையாமல் நிற்பதால், ஒரு சக்கரத்தின் இரண்டு சுற்று இரண்டு சக்கரமும் ஒரு சுற்றுச் சுற்றியதற்குச் சமம். அதன் மேல் 33 டயரைப் பூட்டினால், 4.10ஐக் கழற்றி 3.60 போட்டதற்குச் சமம். ஏற்றத்தில் எஞ்சின் திணறும், கிளட்ச் தேயும். மீட்டர் 88 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 100 ஓடியிருக்கும்.

ஏற்றத்தைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. இறக்கம்தான் பயம். நீ பிறந்து மூன்று மாதம் இருக்கும். மரக்கறி முதலாளி ஒருவரிடம் சாரதியாக இருந்தேன். அவர் அழகுக்காகக் கெப்புக்குப் பெரிய டயர் போட்டார், டிபரன்ஷியலைத் தொடவில்லை. கந்தப்பளையில் லீக்ஸும் கோவாவும் ஏற்றிக்கொண்டு லபுக்கலை தாண்டி ரம்பொடைப் பக்கம் இறங்கினேன். எப்போதும் இரண்டாம் கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் இடம் அது. அன்று பிடிக்கவில்லை; டயர் பெரிதானால் எஞ்சினின் பிடியும் குறைந்துவிடும். முடக்குக்கு முடக்கு பிரேக்கிலேயே கால். சக்கரம் பெரிதானால் நிறுத்தவும் பிரேக்குக்கு அதிக பலம் வேண்டும். பாதி வழியில் கால் மெத்தென்று உள்ளே போனது, சக்கரத்தில் புகை. எப்படியோ முதல் கியருக்கு இறக்கி, மண்மேட்டோரம் உரசி நிறுத்தினேன். அம்மாவிடம் இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. இப்போது அதே ரோட்டில் மரக்கறி ஏற்றிப் போகிறவன் உன் தம்பி.

33 டயரோடு பழைய இழுவையும் பிடியும் வேண்டுமென்றால் டிபரன்ஷியலை மாற்ற வேண்டும், கணக்கு லேசுதான். 4.10ஐ 33ஆல் பெருக்கி 29ஆல் வகுத்தால் 4.67 வரும். டிபரன்ஷியலுக்குள் ஒன்றோடொன்று கடித்துச் சுற்றும் பல்சக்கரங்களான கிரவுன் வீலும் பினியனும் சோடியாக 4.56, 4.88 என்று இருக்கின்றன. சமதரைக்காரருக்கு 4.56 போதும். பாரம் ஏற்றி மலையில் ஓடும் நமக்கு 4.88தான் சரி.

அதுவும் ஒரு சோடி போதாது மகன், முன்னுக்கும் ஒரு டிபரன்ஷியல் இருக்கிறது. பின்னுக்கு மட்டும் மாற்றிவிட்டு முன்னுக்கு 4.10ஐ விட்டால், நாலு சக்கர கியர் போட்டதும் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். ஏதாவது ஒன்று உடையும். ஆகவே இரண்டு சோடி, இரண்டு வேலைக்கூலி. பினியனின் ஆழமும் பல்லுக்கிடையில் விடும் இடைவெளியும் மயிரிழை தவறினால் இரையத் தொடங்கிவிடும். பல்லில் மை பூசி, சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பார்க்கும் மெக்கானிக் பாஸ் கையில்தான் கொடுக்க வேண்டும். பூட்டிய பிறகு முதல் 800 கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாமல் ஓட்டி, கியர் ஒயிலை மாற்ற வேண்டும். அத்தனை நாள் மரக்கறி ஓட்டம் இல்லை. அப்புறம், பெரிய டயர் அக்ஸிலையும் பெயாரிங்கையும் கூடுதலாக முறுக்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் மட்கார்டில் உரசும். நம் ரோட்டில் முழுதாக ஒடிக்காத முடக்கு எங்கே இருக்கிறது?

என் எண்ணம் இது. 31 அங்குலம் போடுவோம். வித்தியாசம் நூற்றுக்கு 7தான். இறக்கத்தில் ஒரு கியர் குறைத்து, பாரத்தையும் கொஞ்சம் குறைத்தால் சமாளிக்கலாம். மிச்சக் காசில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் புதுசாக்கிவிடலாம். இல்லை, 33தான் வேண்டும் என்றால் டயரும் இரண்டு சோடி கியரும் ஒரே நாளில் பூட்ட வேண்டும். டயர் முதலில், கியர் பிறகு என்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

நானுஓயாவில் ஒரு பாஸிடம் இரண்டுக்கும் விலை கேட்கச் சொல்லியிருக்கிறேன். தெரிந்ததும் எழுதுகிறேன். வெயிலில் வேலை, தண்ணீர் நிறையக் குடி. அம்மா உனக்குத் தேயிலைத் தூள் கட்டி வைத்திருக்கிறாள், வருகிற ஆள் யாராவது இருந்தால் சொல்.

அன்புடன்,
அப்பா