"கை சுத்தமா அம்மா?"

சுங்கை சிப்புட்

அன்புள்ள மாலா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சின்னவளுக்குக் கை கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போயிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, மனசு என்னவோ செய்தது. "கை சுத்தமா அம்மா?" என்று அவள் கேட்பதும், "சுத்தம்டா கண்ணு" என்று நீ சொல்வதும், ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்பதும்... அந்தப் பதிலைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும்.

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனால் ஓசிடி மாதிரிதான் படுகிறது, அதாவது ஒரு பயம் திரும்பத் திரும்ப வந்து, ஒன்றையே மறுபடி மறுபடி செய்யவைக்கும் மனநோய்.

என்னிடம் சிகிச்சைக்கு ஓர் அக்கா வருகிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற பயம் அவருக்கு. கணவர் செம்பனை லாரி ஓட்டுபவர், தங்கமான மனிதர். கிளம்புமுன் அடுப்பின் திருகைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஆரம்பத்தில் ஒரு படம் போதுமாக இருந்தது. என்னிடம் வந்தபோது ஒரு நாளைக்குப் பதினொன்று. ஆறுதல் சொன்னால் பயம் அப்போதைக்கு அடங்கும். ஆனால் கேட்டால்தான் பிழைப்போம் என்று மூளை படித்துக்கொள்ளும்.

1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், இந்த நோய் உள்ளவர்களை, பயப்படுகிறதைத் தொடவிட்டுக் கழுவாமல் இருக்கச் செய்து பார்த்தார். இன்று நாங்கள் செய்வதும் அதன் வழிதான். சின்னதிலிருந்து, அவர்கள் சம்மதத்தோடு.

போன மாதம் அக்காவும் நானும் அடுப்பை ஒரே தரம் அணைத்து, வீட்டைப் பூட்டி, ஒட்டுக்கடைக்கு நடந்தோம். கைப்பை வாரைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. "எரிஞ்சுக்கிட்டு இருக்குமா?" என்றார். "தெரியல அக்கா" என்றேன். இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது மாலா. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது எனக்குச் சுலபமாகவில்லை. தேநீர் ஆறிப்போனது. முக்கால் மணி நேரம் கழித்து, அவராகவே கோழி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

நீ திடீரென்று பதிலை நிறுத்திவிடாதே, பிள்ளை தவித்துப்போவாள். முதலில் அவளோடு உட்கார்ந்து பேசு. "இது பயம் கேக்கிற கேள்வி. இதுக்குப் பதில் சொல்ல மாட்டேன், ஆனா பக்கத்துல இருக்கேன்" என்று சொல்லப் போவதாக அவளிடமே சொல்லிவிடு.

அப்புறம், அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போ. கட்டணம் 1 வெள்ளிதான் (ரிங்கிட்). அங்கிருந்து மனநல மருத்துவருக்குக் கடிதம் கொடுப்பார்கள். செர்ட்ரலின், ஃபுளூவாக்சமின் போன்ற மருந்து கொடுத்தால் பயப்படாதே. நன்றாக வேலை செய்ய 8 முதல் 12 வாரம் ஆகலாம், பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

உன் மாமியார் தஞ்சோங் ரம்புத்தான் பேச்சை எடுத்தது எனக்கு வருத்தம்தான், ஆனால் ஆச்சரியமில்லை. நம் லயத்தில் அது வசவுதானே. 1911-ல் திறந்த அந்த மனநல மருத்துவமனைக்கு இப்போது எத்தனையோ பேர் காலையில் போய், டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறார்கள். அவரிடம் இதைச் சொல். கேட்காவிட்டால் நானே போன் பண்ணிப் பேசுகிறேன்.

கிளினிக் தேதி கிடைத்ததும் எழுது. நீ முதல் தடவை பதில் சொல்லாமல் இருந்த அன்று எப்படி இருந்தது என்றும் எழுது, அவளுக்கும் உனக்கும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி