ஞானஸ்நானத்துக்கு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும்

எங்கள் சேகரத்து மக்களுக்கு ஸ்தோத்திரம். மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞானஸ்நானம் நடந்தது. வாழ்த்த வந்தவர்கள் இருந்தார்கள். இவன் நிஜமாகத்தான் முழங்கால் போடுகிறானா என்று பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். இரு தரப்புக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். நேரில் பேச ஆரம்பித்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வயலுக்குத் தண்ணீர் திருப்புவதில் வந்த தகராறில் ஒருவரை அரிவாளால் வெட்டினேன். அவர் பிழைத்தார். ஆனால் வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. எனக்கு 7 வருஷத் தண்டனை, பாளையங்கோட்டை மத்திய சிறை. அங்கேதான் வேதத்தைக் கையில் எடுத்தேன்.

எடுத்த அன்றைக்கே பக்கத்துப் பாய்க்காரர் கேட்டார், "என்னடே, தண்டனை குறையவா?" தண்டனைக் கழிவு என்பது வேலைக்கும் ஒழுங்குக்கும் கொடுப்பது, பைபிள் படித்ததற்காக ஒரு நாள்கூடக் குறையாது. அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கழுத்தில் சிலுவையோடு விடுதலையாகிப் போன ஒருவர் நாலே மாதத்தில் இன்னொரு வழக்கில் திரும்பி வந்ததை எங்கள் பிளாக்கே பார்த்திருந்தது.

மாதம் ஒரு சனிக்கிழமை வந்துபோன சார்வாளுக்குத்தான் என் முதல் நன்றி. பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்று, முழங்கால் வலியோடு பஸ் ஏறி வருவார். இரட்சிக்கப்பட்டாயா என்று அவர் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார். சபையைத் துன்பப்படுத்தின சவுல், தமஸ்கு வழியில் ஒளியைக் கண்டு கீழே விழுந்து மனந்திரும்பினது எல்லாருக்கும் தெரிந்த கதை. சார்வாள் என்னை நிறுத்தச் சொன்ன இடம் அதுவல்ல, 26-ஆம் வசனம். எருசலேமுக்கு வந்த சவுலைச் சீஷர்கள் யாரும் நம்பவில்லை, பயந்தார்கள். "அவங்க மேல என்னடே தப்பு? வீடு வீடாப் புகுந்து ஆளை இழுத்துட்டுப் போனவன்லா வந்து நிக்கான்" என்பார். அடுத்த வசனத்தில்தான் பர்னபா வந்து, சவுலைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் கூட்டிப் போகிறார். அதை வாசிக்கும்போது சார்வாள் ஒன்றும் சொல்ல மாட்டார். சார்வாள், எனக்கு அந்த பர்னபா நீங்கள்தான்.

விடுதலையான மறு வாரமே எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் போய் ஞானஸ்நானம் கேட்டேன். "ஒரு வருஷம் சபையில வந்து உட்காருங்க, அப்புறம் பேசுவோம்" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. இவருமா என்று நினைத்து இரண்டு வாரம் கோவில் பக்கமே போகவில்லை. மூன்றாவது வாரம் அவரே வீடு தேடி வந்து, என்னைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனார். பாப்பாத்தியம்மாள் கோவில் என்று சொல்கிற பழைய சர்ச் வாசலில் உட்கார்ந்துதான் பேசினோம்.

அந்தக் கோவிலைக் கட்டிய கிளாரிந்தா அம்மாளின் கதையை அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன். தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை. இங்கிலீஷ் பட்டாள அதிகாரி ஒருவரோடு கல்யாணம் இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தபோது ஞானஸ்நானம் கேட்டார். மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் மாட்டேன் என்றுவிட்டார். அந்த அதிகாரி இறந்து, அம்மாள் மறுபடி கேட்டபோது, 1778-ல்தான் கொடுத்தார். மறுக்கப்பட்ட அந்த அம்மாள் சபையை விட்டுப் போய்விடவில்லை. 1785-ல் அவர் கட்டி முடித்த கோவிலை வந்து பிரதிஷ்டை செய்தவரும் அதே ஸ்வார்ட்ஸ் ஐயர்தான். "உங்களை நம்பாம இருக்கச் சொல்லலை, காத்திருக்கச் சொல்றேன்" என்றார் எங்கள் ஐயர். அந்த ஒரு வருஷம் இல்லாமல் உடனே தண்ணீர் ஊற்றியிருந்தால் நான் நிலைத்திருப்பேனா என்று எனக்கே உறுதியில்லை. ஐயா, நீங்கள் காக்க வைத்ததற்கு நன்றி.

அடுத்து வாழை மண்டி அண்ணாச்சி. வேலை கேட்டு ஏழு இடம் ஏறி இறங்கின பிறகு இவரிடம் போனேன். ஜெயில், வேதம், மனந்திரும்பினது எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். கையமர்த்திவிட்டார். "நீ கும்பிடுத சாமி எனக்கு எதுக்குடே? காலையில நாலு மணிக்கு லோடு வரும், நீ நிக்கணும்." நின்றேன். தார்களை இறக்கி முடித்ததும், சீப்பு வெட்டுகிற கத்தியை எடுத்து, வெட்டுவாயைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு பிடியை என் பக்கம் நீட்டினார். சுமை இறக்குகிறவர்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அரிவாளைக் கீழே போட்ட நாளிலிருந்து நான் கத்தி என்று எதையும் தொட்டதில்லை. என் கை நடுங்கியது. "பால் தெறிக்கும், சட்டையைப் பார்த்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கணக்கு எழுதப் போய்விட்டார். அண்ணாச்சி, அன்றைக்கு விழுந்த வாழைக்கறை அந்தச் சட்டையில் இன்னும் போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் நானும் வைத்திருக்கிறேன்.

மதம் மாற எவ்வளவு வாங்கினாய் என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு: நான் வாங்குவது மண்டிச் சம்பளம் ஒன்றுதான்.

அம்மாவுக்கு வேறு கவலை. பீடி இலை வெட்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள், "எனக்குக் கொள்ளி வைப்பியா மாட்டியா? அதை மட்டும் சொல்லு." யார் என்ன சொல்வார்கள் என்று யோசிக்காமல், வைப்பேன் என்றேன். அவள் அதை நம்பினாளா என்று தெரியாது. சுடலைமாடன் கோவில் கொடைவிழாவுக்கு வரி கேட்டு வந்தபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பீடிக் காசிலிருந்து அவளே கட்டினாள். ஞானஸ்நானத்தன்று கோவிலுக்குள் வரவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நான் தலை ஈரத்தோடு வெளியே வந்ததும் என்னைக் குனியச் சொல்லி, முந்தானையால் துவட்டிவிட்டாள். சின்ன வயதில் வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தால் துவட்டுவாளே, அதே அழுத்தித் தேய்க்கிற கை. அம்மா, உனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். இதைச் சாயங்காலம் நானே உனக்கு வாசித்துக் காட்டுவேன்.

கடைசியாக, யாரை வெட்டினேனோ அவருக்கு. பெயரை எழுத எனக்குத் தகுதியில்லை. ஊர்ப் பெரியவர் மூலம் மன்னிப்புக் கேட்டு விட்டேன். "அவன் திருந்தினானா இல்லையானு நான் எதுக்குப் பார்க்கணும்? என் தெரு வழியா வராம இருக்கச் சொல்லுங்க" என்று பதில் சொல்லியனுப்பினீர்கள். நான் உள்ளே இருந்த அத்தனை வருஷமும் என் அம்மா தண்ணீர் பிடிக்க உங்கள் வீட்டுப் பக்கக் குழாய்க்குத்தான் வந்தாள். உங்கள் வீட்டில் ஒருவரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை என்று அவளே சொன்னாள். அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. என்னை நீங்கள் நம்ப வேண்டாம். பஸ்ஸுக்கு நான் இப்போது வாய்க்கால் கரை வழியாகத்தான் போய் வருகிறேன். இனிமேலும் அந்த வழிதான்.