அந்தக் கதவை ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வையுங்கள்

வணக்கம். ரொறன்ரோ நகர மையத்தில் நிலத்துக்கடியில் ஓடும் 'பாத்' நடைபாதையின் கட்டட உரிமையாளர்கள், நிர்வாகிகள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாதை ஒரே ஆளுக்குச் சொந்தமில்லை, தன் கட்டடத்துக்குக் கீழே வரும் துண்டை அந்தந்த உரிமையாளரே பார்த்துக்கொள்கிறார். அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவிலிருந்து ஐந்து பேராகப் புறப்பட்டோம். நான், மனைவி, பிள்ளைகள் இருவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகாத என் மாமி. வெளியில் மைனஸ் 17, காற்றோடு சேர்த்தால் மைனஸ் 28. அந்தக் குளிரில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம் என்று தெரிந்துதான் போனோம். வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருந்து பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. 12 வயது வரை பஸ்ஸிலும் சப்வேயிலும் கட்டணம் இல்லை, சொந்தச் சறுக்குச் சப்பாத்து இருந்தால் நகர மண்டபத்துக்கு முன்னால் பனியில் சறுக்கவும் காசில்லை. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு இது பெரிய விஷயம்.

மாமி கம்பளிச் சால்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு ஓரத்தில் நின்றார். மகள் விழுந்த ஒவ்வொரு தடவையும் அவர் கை தானாக நீண்டது. பிறகு மகன், சி.என். கோபுரத்துக்குப் பக்கத்திலுள்ள மீன் காட்சியகத்துக்குப் போகவேண்டும் என்றான். சரி, யூனியன் நிலையம் வரை நிலத்தடியிலேயே நடந்து, அங்கிருந்து மூடிய பாலத்தால் போய்விடலாம், மாமிக்குக் குளிராது என்று நினைத்தேன். பலகையில் உள்ள PATH என்ற ஆங்கில எழுத்துகளில் சிவப்பு 'P' தெற்கு, நீல 'T' வடக்கு என்று மகனுக்குக் காட்டிக் கொடுத்தேன். அவன் சிவப்பைத் தேடித் தேடி முன்னால் ஓடினான்.

அந்தச் சிவப்பு எங்களைக் கொண்டுபோய் விட்டது ஒரு பூட்டிய கண்ணாடிக் கதவுக்கு முன்னால். கதவுக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிகிறது, நடைபாதை துப்புரவாகக் கிடக்கிறது, ஆள் இல்லை. வாரக் கடைசியில் மூடியிருக்கும் என்று முந்தைய திருப்பத்தில் ஒரு சொல்கூட எழுதியிருக்கவில்லை. மின்படியும் ஓடவில்லை. முழங்கால் வலியுள்ள மாமியைப் பிடித்துப் படியேற்றி பே வீதிக்கு வந்தபோது, இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஏரிப் பக்கமிருந்து காற்று நேரே முகத்தில் அடித்தது. மூச்சு பட்டு நனைந்த சால்வை நாலைந்து நிமிடத்தில் அட்டை போல விறைத்துவிட்டது. மாமி ஒன்றும் சொல்லவில்லை, என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்தபடியே வந்தார். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தபோது கண்ணிமையில் பனி ஒட்டியிருந்தது.

கனடாவுக்கு வந்த புதிதில் இரண்டு குளிர்காலம் நகர மையத்துச் சமையலறை ஒன்றில் பாத்திரம் கழுவினேன். வேலை முடிந்து நள்ளிரவில் அந்த நிலத்தடிப் பாதையால்தான் ரயிலுக்கு நடப்பேன், அந்தச் சூடு எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவு மனம் நொந்து எழுதுகிறேன். காவலுக்கும் துப்புரவுக்கும் செலவு இருக்கிறது, புரிகிறது. கடைகளைத் திறக்கச் சொல்லவில்லை. கடும் குளிர் எச்சரிக்கை உள்ள நாட்களிலாவது வடக்கு தெற்காகப் போகும் ஒரு வழியை இரவு வரை திறந்து வையுங்கள். பூட்டியே ஆகவேண்டும் என்றால் ஆட்கள் கதவு வரை வந்து திரும்பாமல் முந்தைய சந்தியிலேயே பலகை வையுங்கள். அப்புறம், வயதானவர் உட்கார வழியில் நாலு வாங்கு போடுங்கள்.

பெப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை குடும்ப தினம், விடுமுறை. மீன் பார்க்காமல் திரும்பிய மகனுக்கு அன்றைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். மாமியும் வருகிறேன் என்கிறார். மதியம் இரண்டு மணி போல அதே கதவுக்கு வருவோம்.