ஞாயிற்றுக்கிழமைத் தையல் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சக உறுப்பினர்களே, கூட்டம் தொடங்கி அரைமணி ஆன பிறகும் மாடிப்படி ஏறி வந்துகொண்டிருப்பவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பு எல்லோருக்கும் முன்பே அனுப்பப்பட்டு ஏற்கப்பட்டுவிட்டதால் அதை மறுபடி வாசிக்கவில்லை. இந்த அறிக்கையில் யாருடைய பெயரும் வராது. ‘ஸ்பெஷல் கிளாஸ்’ என்று வீட்டில் சொல்லிவிட்டு இங்கே வந்து ஊசியில் நூல் கோப்பவர்கள் நம்மில் மூன்று பேர். போன ஆண்டு அறிக்கை ஒருவருடைய அப்பாவின் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்ததும், அதன்பின் நடந்ததும் உங்களுக்குத் தெரியும்.

காமிக்ஸ், சினிமாப் பாத்திரங்களைப் போல வேஷம் கட்டுகிற காஸ்பிளேக்கு உடை தைக்கிற நம் குழுவில் 19 பேராக இருந்தோம், இப்போது 23. வேலை கிடைத்து பெங்களூரு போனவர் ஒருவர், கல்யாணமாகி சிங்கப்பூர் போனவர் ஒருவர். இரண்டாமவர் போகிற அவசரத்தில் தையல் இயந்திரத்தில் ஜிக்ஜாக் அடிக்கிற பாதத்தையும் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருக்கு நம் வாழ்த்துகள். பாதத்தை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் இன்னும் நன்றாக வாழ்த்துவோம்.

எட்டு உடைகள் முழுதாக முடிந்தன. இரண்டு உடைகள் பெரம்பூர் மாடி அறையில் அரிசிச் சாக்குக்குள் கிடக்கின்றன. உரியவர்கள் சீக்கிரம் வந்து பார்க்கவும். எலி ஏற்கெனவே பார்த்துவிட்டது.

2024 பிப்ரவரியில் காமிக்ஸ் ரசிகர்கள் வேஷம் போட்டு வரும் காமிக் கான் விழா முதன்முறையாகச் சென்னைக்கு வந்தபோது நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் வேடிக்கை பார்க்கப் போனவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். திரும்பி வந்ததும் எல்லோரும் கவசம் செய்யக் கிளம்பினோம். ஃபோம் ஷீட்டும் ஹீட் கன்னும் வெள்ளிப் பெயின்ட்டும் இருந்தால் போதும், துணி என்பது கவசத்துக்கு அடியில் இருப்பது, அதை யாராவது தைத்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். அந்த ‘யாராவது’ பெரும்பாலும் உறுப்பினர்களின் அம்மா. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. என் அம்மாவும் இரண்டு உடை தைத்திருக்கிறார். ஒன்றில்கூட அவர் போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த எண்ணத்தை உடைத்தவர் மாஸ்டர். பழைய வண்ணாரப்பேட்டையில் நாற்பது வருஷம் ஜாக்கெட்டும் சட்டையும் தைத்துவிட்டுக் கண் மங்கியதால் கடையை மூடியவர். நம் உதவிச் செயலாளரின் தாத்தாவுக்குச் சிநேகிதர். டீயும் மசால் வடையும் மட்டும் வாங்கிக்கொண்டு ஆறு ஞாயிறு வந்தார். முதல் நாள் அவர் கண்ணில் பட்டது சிவப்பு சாட்டின் நீளக் கோட். மூன்று ராத்திரி உட்கார்ந்து தைத்தது. போட்டிருந்த பையன் வாளைத் தூக்கி நின்றான்.

“தம்பி, கைய இறக்கு. இப்ப தூக்கு. பாத்தியா, கையோட சேந்து கோட்டே மேல ஏறுது. வயிறு தெரியுது. வீரன் வயிற காட்டினு சண்டை போடுவானா?”

சொல்லிக்கொண்டே பிளேடை எடுத்து அக்குள் தையலைப் பிரித்துவிட்டார். பையன் முகத்தை யாரும் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. உள்ளங்கை அளவுக்குச் சாய்சதுரமாக ஒரு துண்டு வெட்டி, கையும் உடம்பும் சேருகிற இடத்தில் வைத்துத் தைத்தார். அப்புறம் கையைத் தூக்கினால் கை மட்டும்தான் மேலே போனது. கோட் இருந்த இடத்தில் இருந்தது. ஜிப்பாவில் எத்தனையோ காலமாக இருக்கிற துண்டுதான் அது. நம்மில் ஒருவரும் ஜிப்பாவைத் திருப்பிப் பார்த்ததில்லை.

அவர் சொன்னதில் எனக்கு நோட்டில் ஏறியவை சில. விலை கூடின துணியில் கத்தரி வைக்கும் முன் காடாத் துணியில் வெட்டித் தைத்துப் போட்டுப் பார்ப்பது. தப்பையெல்லாம் காடாவிலேயே செய்து தீர்த்துவிட வேண்டும் என்பார். பருத்தியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைப்பது. தைத்த பிறகு துவைத்தால் சுருங்கி முழங்காலுக்கு வரும். தடித்த துணிக்குப் 16-ஆம் நம்பர் ஊசி. லைக்ராவுக்கு முனை உருண்ட ஊசி, இல்லாவிட்டால் தையல் விட்டுவிட்டு விழும். ரெக்சினில் மட்டும் பிரித்துத் தைக்கிற பேச்சே கிடையாது, ஊசி இறங்கிய ஓட்டை அப்படியே நிற்கும். அதனால் ரெக்சினுக்குக் குண்டூசியும் வேண்டாம், துணி காயப்போடும் கிளிப்பைப் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். கோடவுன் தெருவில் கட் பீஸ் வாங்குகிறவர்கள் அங்கேயே கிழிசலும் கறையும் பார்த்து வாங்க வேண்டும் என்றும் சொன்னார். அதை நாம் ஏற்கெனவே காசு கொடுத்துக் கற்றிருந்தோம்.

கடைசி வரை அவர் வாயில் காஸ்பிளே என்ற சொல் வரவில்லை. நாடக டிரஸ் என்றுதான் சொன்னார். 1983-ல் ஜப்பானில் நொபுயுகி தகஹாஷி என்பவர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் போட்ட சொல் இது என்று பொருளாளர் விளக்கினார். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கூத்துக்காரர்கள் புஜத்திலும் மார்பிலும் கட்டுகிற கட்டைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கல்யாண முருங்கை மரத்தில் செய்து, கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டுவது. கனமில்லாத மரம், விடிய விடியக் கட்டிக்கொண்டு ஆட வேண்டுமே. “அவங்க பாரத்த கொறச்சாங்க, நீங்க ஏத்திக்கினே போறீங்க” என்றார். அதன்பிறகுதான் நம் தோள் கவசங்கள் 10 மில்லிமீட்டர் ஃபோமிலிருந்து 5-க்கு இறங்கின.

நவம்பர் மாதம் நடந்ததையும் பதிவு செய்ய வேண்டும். ஃபோமை ஒட்ட நாம் பயன்படுத்துவது செருப்புத் தைப்பவர்கள் சொல்யூஷன் என்று சொல்கிற ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, ஒரே அழுத்து. அடைமழை பெய்த ஒரு ஞாயிறு அப்படித்தான் முழு மார்புக் கவசத்தையும் ஒட்டி முடித்தோம். திங்கட்கிழமை காலையில் அது பலாச்சுளை மாதிரி தனித்தனியாகக் கிடந்தது. பசையில் இருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அங்கே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது, அதன்மேல் பசை பிடிக்காது. காரணம் தெரிந்தபோது கவசம் போய்விட்டது. இனி ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டு வேலை இல்லை, தையல் மட்டும். சித்திரை, வைகாசியில் ஹாட் குளூ கொண்டு ஒட்டியதை மூடின காரில் வைத்துவிட்டுப் போக வேண்டாம், அது வெயிலில் இளகி வழியும். ஒட்டும்போது கதவு ஜன்னலைத் திறந்து வைக்கும்படி மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். தலைவலி வந்தவர்கள் அதைப் பரீட்சைக் கவலை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஆண்டின் பெரிய வெற்றி பொருளாளருடைய இரும்புக்கை மாயாவி. இளைய உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன்: 1972-ல் முத்து காமிக்ஸ் தமிழில் தொடங்கியதே இந்த மாயாவியை வைத்துத்தான். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். அப்படியானால் வேஷம் எப்படிப் போடுவது? இதற்காக மட்டும் இரண்டு கூட்டம் நடந்தது. முழுக் கறுப்பில் வரலாம் என்றார் ஒருவர். கறுப்புத் திரைக்கு முன்னால் சரி, கூட்டத்தில் அவர் வெறும் கறுப்புச் சட்டைக்காரர். தலையில்லாத கோட் மாதிரி சட்டகம் கட்டலாம் என்றார் இன்னொருவர். “ஷாக் அடிச்சா சட்டையும் சேர்ந்துதானே மறையும்” என்று பொருளாளர் கொதித்தார். கடைசியில் வழி சொன்னது மாம்பலத்திலிருந்து வரும் கல்லூரிப் பெண்: ஷாக் அடிப்பதற்கு ஒரு நொடி முந்தைய மாயாவி. கோட், சூட், ஒரு கையில் இரும்புக் கை, இன்னொரு கையில் வயர் தொங்கும் டூ-பின் பிளக். முடிந்தது.

கோட் பொருளாளரின் கல்யாணக் கோட். வயிற்றுப் பக்கம் இரண்டு அங்குலம் விட வேண்டியிருந்தது, உள்ளே துணி விட்டுத் தைத்திருந்த அந்தக் காலத் தையற்காரருக்கு நன்றி. கைக்குப் பருத்திக் கையுறைமேல் 2 மில்லிமீட்டர் ஃபோம் பட்டைகள், விரலுக்கு மூன்று துண்டாக, மடங்கினால் இடைவெளி தெரியாதபடி ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல். ஒட்டினால் பிய்ந்துவிடும் என்று ஒவ்வொரு பட்டையையும் கையுறையோடு சேர்த்துக் கையால் தைத்தார்கள். தண்ணீர் கலந்த ஃபெவிகால் நான்கு பூச்சு, கறுப்பு, அதன்மேல் வெள்ளி. நந்தம்பாக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் அவரிடம் “அங்கிள், நீங்க எலக்ட்ரீஷியனா?” என்று கேட்டார்கள். அவர்களைக் கூட்டிவந்த அப்பாக்கள்தான் ஓடி வந்து கை குலுக்கினார்கள். இரும்புக் கையைத்தான்.

அன்று எடுத்த படங்கள் நூற்றுக்கு மேல். ஒன்றிலும் அந்தப் பட்டைகளைத் தைத்த இரண்டு பேர் இல்லை. அவர்கள் அந்நேரம் கழிவறை வாசலில் வேறொருவருடைய ஜிப்பைச் சரி செய்துகொண்டிருந்தார்கள். 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் எதிர்கால உடையில் வந்தார் என்று காஸ்பிளே வரலாறு பேசுகிறவர்கள் தொடங்குவார்கள். அவருடையதையும் தன்னுடையதையும் சேர்த்துத் தைத்தவர் கூட வந்த மிர்ட்டில் டக்ளஸ். அவர் பெயர் பின்னால்தான் வரும், வந்தால். நம் நோட்டிலும் ‘அணிந்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ‘தைத்தவர்’ என்று கட்டமே இல்லை. அந்த நோட்டுக்குக் கோடு போட்டவன் நான்தான்.

ஆகவே ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன். சலவைத் தொழிலாளர்கள் முன்பு சேங்கொட்டைச் சாற்றால் துணி ஓரத்தில் குறி போடுவார்களே, அதுபோல, முடிந்த ஒவ்வொரு உடையிலும் கழுத்துப் பட்டிக்கு உள்பக்கம் அதில் கை வைத்த அத்தனை பேரின் குறியும் நூலால் தைக்கப்பட வேண்டும். காஜா போட்டவர், லைனிங் வெட்டியவர், ராத்திரி பதினொரு மணிக்கு ஹெம்மிங் முடித்தவர், எல்லோரும். அம்மாக்கள் உட்பட. குறியை அவரவர் தேர்ந்துகொள்ளலாம், பெயர் கட்டாயமில்லை, ஸ்பெஷல் கிளாஸ் மூவருக்கும் ஆபத்தில்லை. இப்போதிருக்கும் எட்டு உடைகளுக்கும் இது பொருந்தும். நோட்டில் புதுக்கட்டம் போட்டுவிட்டேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பில் துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் இயந்திரம் வாங்க முடியாது, பழையதை வாடகைக்கு எடுக்க முடியும். மாஸ்டர் மறுபடி வரச் சம்மதித்திருக்கிறார், ஆனால் மாடிப்படி அவருக்குக் கஷ்டம். தரைத்தளத்தில் இடம் கொடுக்கக் கூடியவர்கள் இன்றே சொல்லவும்.

கடைசியாக, சிவப்புப் பிடி போட்ட பெரிய கத்தரி துணி வெட்ட மட்டும். அதை வைத்து ஃபோம் வெட்டியவர் யார் என்று எனக்குத் தெரியும். சாணை பிடிக்க ஆன செலவை அவர் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் கட்டிவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்