வெள்ளை வேட்டிக்குக் கறுப்புக் கரை

யாங்கோன் (ரங்கூன்), பர்மா,
மாசி 5.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அன்று ராத்திரியே பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதுவதற்குள் கரண்ட் போயிற்று. மெழுகுவத்தி வெளிச்சத்தில் என் எழுத்து எனக்கே தெரியாது, உனக்கு எங்கே தெரியப்போகிறது என்று மூடி வைத்தவன், இன்றைக்குத்தான் பகலில் எடுத்தேன். பேத்திக்குக் காது குத்தியதில் ரொம்ப சந்தோஷம். உன் முட்டி வலிதான் இன்னும் விடவில்லை என்கிறாய். அதற்கு ஒரு சாமான் வாங்கி வந்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன்.

"சுவிஸ் வரைக்கும் போய் வந்தவன் மலையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே, ஸ்டேஷன் ஸ்டேஷன் என்றே எழுதித் தள்ளியிருக்கிறாயே" என்று திட்டியிருந்தாய். மலை பார்த்தேன்டா. பெரிதாக இருந்தது, வெள்ளையாக இருந்தது. மகளும் மருமகனும் காசு செலவு பண்ணிக் கூட்டிப்போனார்கள், குறை சொல்லக்கூடாது. ஆனால் முப்பத்திரண்டு வருஷம் மலுவகோன் ரயில் யார்டில், தண்டவாளம் பிரிகிற பாயின்ட்டுக்கு எண்ணெய் போட்டவனுக்குக் கண் வேறு எங்கே போகும்?

மகள் இருப்பது ஓல்டன் என்ற ஊர். சின்ன ஊர்தான். ஆனால் நாலு திசையிலிருந்தும் அந்த நாட்டு ரயில் பாதைகள் வந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும் சந்தி. ரயில் தூரத்தை அளக்கத் தொடங்கிய சைபர் கிலோமீட்டர் கல்லை இன்னும் அங்கே வைத்திருக்கிறார்கள். போன புதிதில் எனக்குத் தூக்கம் நம் ஊர் நேரத்துக்குத்தான் வந்தது. மூணு மணிக்கே முழிப்பு. படுத்துப் புரள்வதற்கு, சட்டைமேல் சட்டை, அதன்மேல் மருமகனின் கோட்டு, தலைக்குக் குரங்குக் குல்லா என்று மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிடுவேன்.

ஒரு நாள் ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது. பிளாட்பாரத்தின் கடைசியில் போய் நின்று பார்க்கிறேன். சிலிப்பர் கட்டை தெரியவில்லை, ஜல்லி தெரியவில்லை, எல்லாம் வெள்ளை. பாதை பிரிகிற இடத்தில் மட்டும் தண்டவாளத்தை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு, சலவை வேட்டிக்குக் கரை போட்டதுபோல. விழுகிற பனி அங்கே இரும்பைத் தொட்டதும் சொட்டாகி வழிந்துவிடுகிறது. நாக்குத் தண்டவாளம் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை மாதிரி ஈரமாக மினுங்குகிறது. மெல்லிசாக ஆவி. இரும்பைச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள்! எவ்வளவு நேரம் நின்றேனோ, ஒரு ரயில்வேக்காரர் பக்கத்தில் வந்து என்னவோ கேட்டார். கிழவன் குதிக்கப்போகிறான் என்று பயந்திருப்பார். "பாயின்ட், பாயின்ட்" என்று கையைக் காட்டினேன். சிரித்துவிட்டுப் போனார்.

பாயின்ட் உனக்குப் புதிதில்லை. சிக்னல் கேபினுக்கு டீ குடிக்க வந்தவன், லீவரை இழுத்துக் காட்டுகிறேன் பேர்வழி என்று முதுகைப் பிடித்துக்கொண்டாயே, அந்த லீவரின் மறுமுனையில் இருப்பதுதான். கூராகச் சீவின இரண்டு நாக்குத் தண்டவாளம், வண்டியை இந்தப் பாதைக்கோ அந்தப் பாதைக்கோ திருப்பிவிட. ஒரு நேரத்தில் ஒன்றுதான் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டி நிற்கும். அந்த ஒட்டில் சில மில்லிமீட்டர் சந்து விழுந்தாலும் பூட்டு விழாது. பூட்டு விழாவிட்டால் சிக்னல் இறங்காது. ரயில் வெளியே நின்று கத்திக்கொண்டிருக்கும். நம் ஊரில் அந்த இடைவெளியை உண்டாக்குவது ஜல்லித் துண்டும் மழைச் சேறும். ஒருதரம் ஆடி மழையில் இரண்டு மணி நேரம் டார்ச் அடித்துத் தேடி, புளியங்கொட்டை அளவு ஒரு கல்லை எடுத்தேன். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என் வீட்டுக்காரியிடம் காட்டினால், "இதுக்கா நனைஞ்சே?" என்றாள்.

பனி கல்லைவிடப் பொல்லாதது. கல் கல்லாகவே வரும். பனி பஞ்சாக வந்து உட்காரும். நாக்கு முதல் தரம் வந்து அணைக்கும்போது நசுங்கும், இரண்டாம் தரம் இறுகும், அதற்கடுத்த தரம் பாறை. நாக்கே தன் பகையை இடித்து இடித்துக் கெட்டியாக்குகிறது, பார்த்துக்கொள். மோட்டார் தள்ளிப் பார்த்துவிட்டு, குறித்த நேரம் போனதும் தானாக நின்றுவிடும். ஓல்டன் மாதிரி சந்தியில் ஒரு பாயின்ட் இப்படி மாட்டினால் பின்னால் எத்தனை வண்டி வரிசை கட்டும், நினைத்துப் பார்.

முன்காலத்தில் துடைப்பமும் உப்பும்தான் மருந்து. பிறகு தண்டவாளத்துக்கு அடியில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்தார்கள். சிகாகோவில் சில இடங்களில் காஸ் குழாய் இழுத்து நெருப்பே எரியவிடுகிறார்கள். 2019 ஜனவரிக் குளிரில் தண்டவாளம் தீப்பிடித்து எரிகிற மாதிரி ஒரு படம் ஊர் ஊராகச் சுற்றியதே, நீகூட அனுப்பி "உங்க ஆளுங்க வேலையைப் பாரு" என்றாய். எரிந்தது தண்டவாளம் இல்லை, அதன் ஓரத்தில் வைத்த காஸ் அடுப்பு. ஜப்பான்காரன் வழி தனி. யாங்கோனைச் சுற்றும் நம் வட்ட ரயில் பாதையைப் புதுப்பிக்க வந்த ஒரு ஜப்பான் இன்ஜினியர் முன்னே சொன்னார்: 1982-இல் திறந்த ஜோயெட்சு ஷின்கான்சென் பாதையில், பனி கொட்டும் பகுதி நெடுக வெந்நீரைத் தெளித்துக்கொண்டே இருக்கிறார்களாம். அன்றைக்கு நான் நம்பவில்லை.

சுவிட்சர்லாந்தில் பெரும்பாலும் கரண்ட்தான். இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கிற கம்பி ஜாதி, கொஞ்சம் நீளமாக, தட்டையாக. அதைத் தண்டவாளத்தின் அடிப்பாகத்தோடு கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். மீட்டருக்குச் சில நூறு வாட். ஒரு பாயின்ட்டுக்கு மொத்தமாகப் பார்த்தால் நம் வீட்டு ரைஸ் குக்கர் பத்துப் பதினைந்தை ஒரே நேரத்தில் போட்ட கணக்கு. வேக ரயில் போகும் நீள பாயின்ட் என்றால் இன்னும் கூட. அந்த நாட்டு அரசு ரயில்வேயில் சுமார் 13,000 பாயின்ட், அதில் ஏழாயிரத்துக்கு மேல் சூடு உள்ளவை. ஜெர்மனியில் சூடு உள்ளவை மட்டும் கிட்டத்தட்ட ஐம்பதாயிரம். கரண்ட் பெரும்பாலும் ரயில் ஓடுகிற மேல்கம்பியிலிருந்தே எடுக்கிறார்கள். 15,000 வோல்ட். நம் வீட்டு கரண்ட் வினாடிக்கு 50 தரம் துடிக்கிறது என்றால் அங்கே 16.7 தரம். அதை டிரான்ஸ்பார்மர் வைத்துக் குறைத்துக் கம்பிக்குக் கொடுக்கிறார்கள்.

இவ்வளவு கரண்டை மார்கழி தை முழுக்க எரிய விடுவார்களா என்பதுதான் எனக்குச் சந்தேகம். அதற்குப் பதில் கோயிலில் கிடைத்தது. பொங்கலன்று மகள் அங்குள்ள அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கூட்டம் முழுக்க யாழ்ப்பாணத்துச் சனம். சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரர் தண்டவாள வேலைக் கோஷ்டியில் இருப்பவர்! பிறகு மகள் என்னை எழுப்பிக் கூட்டிப்போக இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"ஐயா, வெறுங்குளிர் எண்டால் ஒண்டுமில்லை. மைனஸ் பத்திலையும் வானம் வெளிச்சிருந்தால் ஹீட்டர் நித்திரைதான். சைபருக்குக் கிட்ட நிண்டுகொண்டு ஈரப்பனி கொட்டேக்கைதான் அதுக்கு வேலை" என்றார். பாதை ஓரத்தில் ஒரு பெட்டி. தண்டவாளத்தின் சூட்டைப் பார்க்க ஒரு உணரி, காற்றின் சூட்டைப் பார்க்க ஒன்று, வானத்திலிருந்து ஏதாவது விழுகிறதா என்று பார்க்க ஒன்று. குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் பெட்டி கரண்டைத் திறக்கும். இரும்பு போதுமான சூட்டுக்கு வந்ததும் நிறுத்தும், ஆறினால் மறுபடி திறக்கும். பனி வரப்போகிறது என்று வானிலைக்காரர் சொன்னால் முன்கூட்டியே சூடேற்றவும் வழி உண்டு. ஒரு கம்பி அறுந்துபோனால் ஓடுகிற கரண்ட் குறையுமே, அதை வைத்து எங்கேயோ உட்கார்ந்திருக்கும் கண்ட்ரோல் அறைக்குத் தகவல் போய்விடும்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு நம் பழைய மேஸ்திரி ஞாபகம்தான் வந்தது. 1877-இல் ரங்கூனிலிருந்து பிரோமுக்கு ரயில் விட்ட காலத்து ஆள் என்று நாம் கேலி பண்ணுவோமே, அவர்தான். சாயங்காலம் மேற்கே ஒரு பார்வை பார்ப்பார். புறங்கையைத் தண்டவாளத்தில் வைப்பார். "டேய், டின்னை எடு" என்பார். மழைக்கு முன்னால் போட்டால்தான் எண்ணெய் பிடிக்கும், மழையில் போட்டால் மிதந்து ஓடிவிடும். எண்ணெய் போட யாருக்கும் தெரியும். எப்போது போடுவது என்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்தப் பெட்டிக்குள் நம் மேஸ்திரியைச் சம்மணம் போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது. வெற்றிலை மட்டும் இல்லை.

இன்னொரு சங்கதி கேள். அந்த நாட்டில் ரயில்கள் அரை மணி, ஒரு மணி என்று அடித்தாற்போல் ஒரே நேரத்தில் பல ஸ்டேஷனிலிருந்து கிளம்புகின்றன. அத்தனை இன்ஜினும் ஒரே சமயத்தில் இழுத்தால் கரண்ட் தேவை ஒரே எகிறாக எகிறும். அப்போது கம்ப்யூட்டர் என்ன செய்யும் தெரியுமா? ரயில் பெட்டிகளின் ஹீட்டரையும் பாயின்ட் ஹீட்டரையும் கொஞ்ச நேரம் அணைத்துவிடும். இரும்பு சட்டென்று ஆறாது. பயணிக்கும் தெரியாது, பனிக்கும் தெரியாது. "அடப்பாவி, இங்கேயும் கரண்ட் கட் உண்டா!" என்று நான் சத்தமாகச் சொன்னதில் கோயிலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நமக்குப் போனால் பிரிட்ஜில் இருக்கிற மீன் நாறுகிற வரைக்கும் போகும், அது வேறு.

"அப்ப ஆளே வேண்டாம் போல" என்றேன். "ஆர் சொன்னது?" என்று போனை எடுத்து ஒரு படம் காட்டினார். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உரித்த தேங்காய் அளவுக்கு ஒரு பனிக்கட்டி, கரி படிந்து அழுக்காக. மலைப்பக்கமிருந்து வரும் ரயில் அடிவயிற்றில் பனியை அப்பிக்கொண்டு வருமாம். ஸ்டேஷனுக்குள் நுழைந்து பாயின்ட்டில் தடதடக்கும்போது அது பிட்டுக்கொண்டு சரியாக நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் விழும். வானம் தெளிவாக இருக்கும். மேலே பார்க்கிற உணரிக்கு ஒன்றும் தெரியாது. சூடு ஓடிக்கொண்டிருந்தாலும் அவ்வளவு பெரிய கட்டி உருகுவதற்குள் நாலு வண்டி நின்றுவிடும். "விடிய மூண்டு மணிக்குப் போன் வரும் ஐயா. தும்புத்தடியையும் கம்பியையும் தூக்கிக்கொண்டு ஓடுவம்." தும்புத்தடி என்றால் நீளக் காம்பு போட்ட துடைப்பமாம், கேட்டுத் தெரிந்துகொண்டேன். உருகின தண்ணீரும் சும்மா விடாது. வடிய வழி இல்லாவிட்டால் கீழே கம்பிகள் அசைகிற பள்ளத்தில் தேங்கி மறுபடி உறையும். அதையும் குத்தி எடுக்கவேண்டும். அவர் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தேன். நம் கைதான், மாப்ளே. காய்ப்பு அதே இடத்தில்.

யாங்கோன் வந்து இறங்கிய மறுநாள் இன்செயினுக்கு வட்ட ரயிலில் போனேன். மலுவகோன் தாண்டும்போது ஒரு சின்னப் பையன் குனிந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். டின்னைத் தூக்கி அவசரமாக ஊற்றுகிறான், பாதி ஜல்லிக்குப் போகிறது. இறங்கிப் போய்ச் சொல்லலாமா என்று கை பரபரத்தது. வண்டி கிளம்பிவிட்டது.

சரி, உன் சாமான். முட்டிக்குக் கட்டிக்கொள்ளும் ஒரு சூட்டுப்பட்டை, கரண்டில் ஓடுவது. மகள் எனக்கு வாங்கினாள், நான் உனக்கென்று இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் உங்கள் ஊர் மோல்மேனுக்குப் பஸ்ஸில் வரும் நம் கடைப்பையனிடம் கொடுத்து விடுகிறேன். இதுவும் சூடு போதுமென்றால் தானே அணையும், கொஞ்சம் பொறுத்துத் தானே எரியும். அணைந்ததும் ரிப்பேர் என்று கழற்றிப் பார்க்காதே, உன் குணம் எனக்குத் தெரியும். உங்கள் தெருவில் கரண்ட் எந்த நேரத்தில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள். நிற்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கட்டிக்கொண்டு உட்கார்ந்திரு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
மச்சான்